அத்தியாயம் 4: அரைக் கிலோவுக்குள் ஒரு கடை

இணையத்தில் கடை போட நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?" என்றுதான். முதல் ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். கோடிங் ஒரு வரிகூடத் தெரிய வேண்டாம். அதன் செய்முறை இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் வருகிறது. அதற்கு முன் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் பொருளைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, தராசில் வைத்தால் எத்தனை கிராம் காட்டுகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். இடம் மணவாள நகர். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு. கணவருக்கு மேல்நல்லாத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மனைவி இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவருகிறார். பொடி நன்றாக இருக்கிறது என்று பேர் வந்துவிட்டது. கணவரோடு வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் போகும்போது வாங்கிப் போகிறார்கள், அங்கிருந்து, "பார்சலில் அனுப்ப முடியுமா?" என்று போன் வருகிறது. இணையக் கடைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. விளம்பரம் செய்யாமலே வெளியூரில் கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

பெட்டிக்குள் எவ்வளவு?

ஒரு பொட்டலம் 200 கிராம், விலை ரூ.150. மளிகைச் சாமான், அரைவைக் கூலி, ஜிப் கவர், லேபிள் எல்லாம் சேர்த்து அடக்கம் ரூ.80 என்று வைப்போம். பக்கத்து வீட்டுக்கு விற்றால் ரூ.70 கையில் நிற்கிறது. அதே பொட்டலத்தைத் தஞ்சாவூருக்கு அனுப்புங்கள். அட்டைப்பெட்டி, டேப் செலவு ரூ.15. கூரியருக்கு அரைக் கிலோ வரை வரியோடு ரூ.60. இணையத்தில் பணம் வசூலித்துக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பொதுவாக 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். ஆக 2.36 சதவீதம், இங்கே ரூ.3.54. எல்லாவற்றையும் கூட்டினால் ரூ.158.54. ஒரு பொட்டலம் விற்றால் ரூ.8.54 கையைக் கடிக்கிறது. இந்த நிலையில் நூறு ஆர்டர் வந்தால் அதைக் கொண்டாட முடியாது.

இரண்டு பொட்டலம் என்றால் கதையே வேறு. எடை 400 கிராம், பெட்டியோடு சேர்த்தும் அரைக் கிலோ தாண்டாது. விற்பனை ரூ.300, செலவு ரூ.242.08, மிச்சம் ரூ.57.92. மூன்று பொட்டலம் வாங்கினால் லாபம் இன்னும் கூடும் என்று தோன்றும். ஆனால் எடை அரைக் கிலோ தாண்டியதும் கூரியர்க்காரர் அடுத்த படிக்குப் போய்விடுவார். அது ரூ.110 என்றும், பெட்டி கொஞ்சம் பெரிதானதால் ரூ.20 என்றும் வைத்தால், மூன்றாவது பொட்டலத்தால் கூடுதலாகக் கிடைப்பது ரூ.11.46 மட்டுமே. நான்கு பொட்டலம் ஒரு கிலோவுக்குள் அடங்கும், மிச்சம் ரூ.135.84.

எனவே இந்தக் கடை வெளியூருக்கு இரண்டு, நான்கு என்று ஜோடியாகத்தான் விற்க வேண்டும். ஒற்றைப் பொட்டலத்தைக் கூரியரில் அனுப்பவே கூடாது. "எந்த இரண்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், டெலிவரி சேர்த்து ரூ.300" என்பது வாடிக்கையாளர் காதுக்கும் இனிமை. உங்கள் பொருளுக்கு எண்கள் வேறாக இருக்கும். உங்கள் ஊர்க் கூரியர் அலுவலகத்தில் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி, இதே கணக்கை ஒரு தாளில் போடுங்கள். அவர்கள் சொல்லும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்கத் தவற வேண்டாம்.

எடை குறைந்த பொருள் விற்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காட்டில் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தூக்கினால் கனமே தெரியாது. ஆனால் தனியார் கூரியர்கள் பலர், நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் ஒரு எடையாகக் கொள்வார்கள். தராசு எடை, இந்தக் கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 30-க்கு 30-க்கு 20 அளவுள்ள பெட்டிக்கு 3.6 கிலோ என்று வரும், உள்ளே முழுக்கக் காற்றே இருந்தாலும். ஓலைப்பெட்டி விற்பவருக்கு இதற்கு ஒரே வழிதான்: ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூன்று பெட்டிகளைச் செட்டாக விற்பது. காற்றுக்குக் கொடுக்கும் காசு மூன்றாகப் பிரிந்துவிடும்.

தடா தாண்டினால்

அரசுப் பதிவுகளில் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், அல்லது சுத்தமாகக் கண்டுகொள்வதில்லை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு இல்லாமல் ஒரு பொட்டலம்கூட விற்கக் கூடாது. வீட்டுச் சமையலறையில் செய்தாலும் அப்படித்தான். சிறு வியாபாரத்துக்கான அடிப்படைப் பதிவு, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை, வருடத்துக்கு ரூ.100 கட்டணம் என்று இருந்துவந்தது. விண்ணப்பிக்கும் அன்று அவர்களுடைய ஃபாஸ்கோஸ் தளத்தில் நடப்பு வரம்பையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். அதோடு உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த மாதம், சேர்மானங்கள், எப்போதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, பச்சை நிறச் சைவக் குறி, புகாருக்கு ஒரு போன் நம்பர். பொருளுக்கு எம்ஆர்பிக்கு மேல் விலை வாங்கக் கூடாது. கூரியர் கட்டணத்தைத் தனியாக வாங்குவதானால் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். காசு கேட்கிற இடைத்தரகர் யாரிடமும் போகாதீர்கள்.

ஜிஎஸ்டிதான் இந்த வட்டாரத்துக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு உதவாது. முதல் பார்சலிலேயே பதிவு கட்டாயமாகிறது. மதுரையில் கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. நமக்கோ, கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரம். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் சத்தியவேடு, அதுவும் ஆந்திரம். அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் ஒருவர், "கம்பெனி அட்ரஸுக்கு அனுப்புங்க" என்பார். கன்னியாகுமரிக்கு அனுப்பினால் கேள்வியில்லை; பக்கத்து ஊருக்கு அனுப்பினால் பதிவு வேண்டும்.

புதுச்சேரிக்கும் இதே கதைதான். அங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. 605 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு புதுச்சேரிக்கும் வருகிறது, விழுப்புரத்துக்கும் வருகிறது. ஆகவே பின்கோடை வைத்துப் பிரிக்க வேண்டாம், மாநிலத்தை வைத்துப் பிரியுங்கள். அரசு அறிவித்த பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்குச் சில நிபந்தனைகளோடு வெளிமாநில விற்பனையில் விலக்கு உண்டு. ஓலைப்பெட்டி, கூடை விற்பவர்கள் தங்கள் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. பொடிக்கு அந்த விலக்கு கிடையாது.

பெரிய சந்தைத் தளங்களில் விற்பதற்குப் பதிவு இல்லாதவர்களுக்கு முன்பு கதவே அடைத்திருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு இல்லாத சிறு வியாபாரியும் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு தன் மாநிலத்துக்குள் மட்டும் அங்கே விற்கலாம். செய்து பார்க்கலாம். ஆனால் அங்கே வாங்குபவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். அவர் போன் நம்பர்கூட உங்களிடம் நிற்காது.

தளம் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்

மாதம் முப்பது ஆர்டர் வரும்வரை தளமே வேண்டாம் என்பது என் கருத்து. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் 2019 முதல் கேட்டலாக் வசதியும் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் புது சிம் போட்டு, கடைக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த எண்ணில் கடை நடத்தினால் இரவு பதினொரு மணிக்கும் யாராவது விலை கேட்பார்கள். "காலை 10 முதல் மாலை 6 வரை பதில் தருவோம்" என்று தானியங்கிச் செய்தி வைத்துவிடலாம். புது ஆர்டர், பணம் வந்தது, அனுப்பியாச்சு என்று மூன்று லேபிள் போட்டால் கணக்கு நோட்டுக்குப் பாதி வேலை குறையும். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு சூட்சுமம்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு போடுங்கள்.

படங்களை இப்போதே சரியாக எடுத்து வைத்துவிட்டால் பின்னால் தளத்துக்கும் அவையே ஆகும். காலை நேரத்தில் ஜன்னலோரம், வெள்ளை சார்ட் தாள் மேல், ஃபிளாஷ் இல்லாமல், சதுரமாக எடுங்கள். ஒரு படம் பொட்டலத்தின் முன்பக்கம், ஒன்று பின்பக்க லேபிள், ஒன்று சூடான இட்லியோடு பொடி. கூகுளில் கிடைக்கும் வேறு யாருடைய படத்தையும் போடாதீர்கள். வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பிலேயே நூறு பேருக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அடிக்கும் நாள் ஒன்று வரும். முகம் தெரியாதவர்கள் ஆர்டர் கொடுக்கத் தொடங்குவார்கள். அப்போது தளம் போடுங்கள்.

தளம்

இரண்டு வழிகள் உண்டு. மாதச் சந்தா கட்டி, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்று: ஷாப்பிஃபை, நம் ஊரிலிருந்து கிளம்பிய ஜோஹோவின் ஜோஹோ காமர்ஸ் போன்றவை. 2004-இல் கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்கக் கடை போட்டவர்கள், இருக்கிற மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தாங்களே எழுதியதுதான் 2006-இல் ஷாப்பிஃபை ஆனது. தொழில்நுட்பத்தை நினைத்தாலே தலை சுற்றுகிறவர்களுக்கு இந்த வழி நல்லது. ஆனால் விற்பனை இல்லாத மாதமும் சந்தா உண்டு. மாதம் முப்பது ஆர்டரில் சராசரி அறுபது ரூபாய் மிஞ்சுகிறது என்றால் மொத்தம் ரூ.1,800, சந்தா அதில் எவ்வளவு தின்னும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது வழி, வேர்ட்பிரஸ்ஸும் அதன் மேல் ஓடும் வூகாமர்ஸும். வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது, வூகாமர்ஸ் 2011-இல். இரண்டும் இலவசம். நீங்கள் காசு கொடுப்பது தளத்தின் முகவரியான டொமைன் பெயருக்கும், தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் இடத்துக்கும் மட்டுமே. நம் பொடிக் கடைக்கு இதுவே பொருந்தும்.

டொமைன் வாங்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். புதுப்புது முடிவுகளோடு வரும் பெயர்கள் முதல் ஆண்டு நூறு, இருநூறுக்குக் கிடைக்கும். அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சாதாரண டாட் இன் பெயர் போதும். போனில் ஒருமுறை சொன்னால் கேட்பவர் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். ழகரம் வரும் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள் என்பதால் தவிருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். தளம் செய்து தருகிறவர் தன் கணக்கிலேயே வாங்கி வைத்துக்கொள்வது சகஜமாக நடக்கிறது. நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையின் பெயர்ப்பலகை அவர் கையில் இருக்கும்.

ஹோஸ்டிங் வாங்கியதும் அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் வேர்ட்பிரஸ் நிறுவும் பொத்தான் இருக்கும். அமுக்கினால் சில நிமிடத்தில் தளம் தயார். கூடவே பூட்டுச் சின்னத்துக்கான எஸ்எஸ்எல் சான்றிதழை இலவசமாகத் தருகிறார்களா என்று பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இதை இலவசமாக வழங்குவதால் இன்று இதற்குத் தனியாகக் காசு கேட்பதில் நியாயமில்லை. பிறகு வேர்ட்பிரஸ்ஸின் பிளகின் பகுதியில் வூகாமர்ஸ் என்று தேடி நிறுவுங்கள். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்கு ஸ்டோர்ஃப்ரண்ட் போதும், வூகாமர்ஸ்காரர்களே தருவது, இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை யாராவது இலவசமாகக் கொடுத்தால் தொடாதீர்கள். திருட்டு தீமுக்குள் திருடன் ஒளிந்திருப்பான்.

பொருள்களை ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் எடையை மறக்காமல் போடுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். தேடுகிறவர்களில் பலர் தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது பல வேளைகளில் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக அரைப் பக்கத்துக்கு நீண்டு, பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று நினைத்துவிடுவார். படம் ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள்.

ஷிப்பிங் பகுதியில் ஒரே ஒரு மண்டலம் உருவாக்கி, அதில் தமிழ்நாடு என்று மட்டும் தேர்ந்தெடுங்கள். மீதி உலகத்துக்கு எந்த டெலிவரி முறையும் வைக்காதீர்கள். தடாவிலிருந்து ஒருவர் முகவரி போட்டால் அவர் ஆர்டர் அங்கேயே நின்றுவிடும். ஜிஎஸ்டி கவலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். லோக்கல் பிக்கப் என்ற முறையையும் திறந்து வையுங்கள். சென்னைக்கு மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர்கள் மாலையில் ஸ்டேஷனில் இறங்கிப் பொட்டலத்தை வாங்கிப் போகலாம். கூரியர் செலவில்லாத அந்த ஒற்றைப் பொட்டலத்தில்தான் உங்களுக்கு முழு லாபம்.

பணம்

தொடக்கத்தில் யுபிஐ கியூஆர் போதும். 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வியாபாரியிடம் வாங்கும் எம்டிஆர் கட்டணம் பூஜ்யம். ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள்; போலி ஸ்கிரீன்ஷாட் செய்வதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியை ஒட்டுங்கள்.

ஆர்டர் கூடியதும் கேட்வேக்குப் போகலாம். பான், வங்கிக் கணக்கு விவரங்களோடு அவர்கள் உங்கள் தளத்தையும் பார்ப்பார்கள். தொடர்பு முகவரி, விதிமுறைகள், திருப்பிக் கொடுக்கும் முறை, டெலிவரி, தனியுரிமை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரும். இந்தப் பக்கங்களை அவர்களுக்காக மட்டும் எழுதுவதாக நினைக்க வேண்டாம். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர்க்கும் ஆள் யார் என்பதைத் தளத்தில் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான்கு வரியில் நம் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் அந்தக் கடையின் பெயரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேஷ் ஆன் டெலிவரி வேண்டும் என்று கேட்பார்கள். நம் நாட்டில் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. பார்சலைக் கொடுக்கும்போது பணம் வாங்கும் வி.பி.பி. முறையை அஞ்சல் துறை 1877-லேயே கொண்டுவந்துவிட்டது. பஞ்சாங்கத்தையும் மூலிகைத் தைலத்தையும் வி.பி.பி.யில் அனுப்பிய வியாபாரிகளுக்கு அன்றும் இதே தலைவலிதான்: தபால்காரர் வாசலில் நிற்கும்போது, "வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்பார்கள். திரும்பிவரும் பார்சலுக்குப் போகவர இரு வழிக் கட்டணமும் உங்கள் தலையில் விழக்கூடும். நம் கணக்கில் அது ரூ.120. ஒரு பார்சல் திரும்பினால் இரண்டு நல்ல ஆர்டர்களின் லாபம் போச்சு. பொடி போன்ற உணவுப் பொருள் திரும்பிவந்தால் மறுபடி விற்கவும் முடியாது. பொடிக் கடைக்கு கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம் என்பேன். துணிமணி விற்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆர்டர் வந்ததும் போன் போட்டு ஒரு வார்த்தை பேசிய பிறகே அனுப்புங்கள்.

அனுப்புவதற்குக் கூரியரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நாட்டில் உள்ள சுமார் 1,65,000 அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில் இருக்கின்றன. தனியார் கூரியர் "அந்த ஊருக்கு சர்வீஸ் இல்லை, டவுனில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்கிற இடத்துக்கும் தபால் போகும். அட்டைப்பெட்டியைச் சில்லறையில் வாங்காதீர்கள். சென்னைக்கு ரயிலேறி, பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் ஒரே அளவுப் பெட்டியை நூறு என்ற கணக்கில் வாங்கினால் விலை நன்றாகவே குறையும். அளவை முடிவு செய்ய இரண்டு பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

திறப்பதற்கு முன்

தளத்தின் முகவரியை யாருக்கும் சொல்வதற்கு முன், செல்போனில் அவ்வளவாகப் பழக்கமில்லாத ஓர் உறவினரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாய் திறக்காமல் பாருங்கள். அத்தையோ சித்தியோ எங்கே விரலைத் தூக்கிக்கொண்டு யோசிக்கிறாரோ அந்த இடத்தைத்தான் நீங்கள் திருத்த வேண்டும். பெரும்பாலும் அது முகவரிப் படிவமாக இருக்கும். வூகாமர்ஸ் கேட்கும் கம்பெனி பெயர், இரண்டாம் முகவரி வரி போன்ற கட்டங்களை எடுத்துவிடுங்கள். போன் நம்பர் மட்டும் கட்டாயமாக இருக்கட்டும். கூரியர்க்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். உண்மையான பணம் கட்டி ஓர் ஆர்டர் போட்டு, பெட்டி கட்டி, நெல்லையிலோ கோவையிலோ தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பி, பிரித்த நிலையில் போட்டோ வாங்குங்கள். பொடி கசிந்திருந்தால் ஜிப் கவரை மாற்ற வேண்டும்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை வேர்ட்பிரஸ்ஸுக்கும் பிளகின்களுக்கும் இயக்கி வையுங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற ஒரு இலவச பிளகின் போட்டால் தளத்தின் நகல் வாரம் ஒருமுறை உங்கள் கூகுள் டிரைவில் போய்ச் சேரும். டொமைன், ஹோஸ்டிங், எஃப்எஸ்எஸ்ஏஐ ஆகிய மூன்றும் முடிகிற தேதிகளைச் சமையலறைக் காலண்டரில், ஒரு மாதம் முன்தேதியிட்டுக் குறித்து வையுங்கள்.